நாக்கு வைத்த சுவிட்ச்

எங்கள் ஊர்க் கடைத்தெருவில் சத்தம் வராத சாமான் விலை போகாது. மண்பானை என்றால் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். தேங்காயைக் காதோரம் வைத்துக் குலுக்குவார்கள். ரூபாய் நோட்டைக்கூட விரித்து ஒரு சொடுக்குச் சொடுக்கி, 'படக்' என்று கேட்ட பிறகே மடியில் வைக்கிற ஆட்களை எனக்குத் தெரியும். நான் அந்தக் கூட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். அப்பா முத்துத் தரகர். துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசுகிற தொழில். பேரம் சத்தமில்லாமல் நடக்கும்; சாமான் மட்டும் சத்தம் போட வேண்டும். கடைசி முத்துக்குளிப்போடு கடல் கையை விரித்துவிட்டது. அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டோடு உட்கார்ந்தார். நான் பையைத் தூக்கிக்கொண்டு எலெக்ட்ரிக் சாமான் தரகுக்கு இறங்கினேன். செந்தூர்பாண்டி வருகிறான் என்றால் தூத்துக்குடியிலிருந்து மணப்பாடு வரைக்கும் எந்தக் கடைக்காரனும் கதவை அடைக்கமாட்டான். திறந்து வைத்துக்கொண்டே ஒன்றும் வேண்டாம் என்பான்.

இப்படிப்பட்ட ஊரில் எஸ்றா சத்தமே வராத ஒரு சுவிட்சைச் செய்தான்.

எஸ்றா நாசரேத்துக்காரன். தகப்பனார் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இவன் மெட்ராசில் ஒரு சுவிட்ச் கம்பெனியில் படம் வரைகிற மேசையில் இருந்தான். தெற்கே கடற்கரையோர ஊர்களிலிருந்து கெட்டுப்போய்த் திரும்பி வருகிற சுவிட்சுகளைப் பிரித்துப் பார்ப்பதும் அவன் வேலை. எல்லாவற்றிலும் ஒரே நோய். உப்புக்காற்று பட்டு, உள்ளே ஒன்றையொன்று தொடுகிற பித்தளைக் கான்டாக்டில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். களிம்பின் மேல் கான்டாக்ட் உட்கார்ந்தால் கரண்டு ஒழுங்காகப் பாயாது. சூடேறும், பொறி தட்டும், கடைசியில் மூடி கருகும். எஸ்றா இதற்கு ஒரு வழி வரைந்து மானேஜரிடம் கொண்டுபோனான். மானேஜர் படத்தைப் பார்த்துவிட்டு, "சீக்கிரம் கெட்டுப்போனால் சீக்கிரம் இன்னொன்று வாங்குவார்கள். இதில் நமக்கு என்ன கஷ்டம்?" என்று கேட்டாராம். அந்த மானேஜர் எங்கள் கடைத்தெருவில் பிறந்திருக்க வேண்டியவர்.

கம்பெனியில் இருந்துகொண்டு வரைந்ததெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். அந்தப் படம் மானேஜரின் பீரோவுக்குள் போய்விட்டது. எஸ்றா அதைவிட நல்லதாக ஒன்றைத் தலைக்குள் வரைந்துகொண்டு வேலையை விட்டான். புதுத் துறைமுகம் திறந்த மறுவருஷம் தூத்துக்குடிக்கு வந்து, திருச்செந்தூர் ரோட்டில் உப்பளத்தை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையைப் பிடித்தான். காற்று நன்றாக அரிக்கிற இடமாக வேண்டும் என்று கேட்டு வாங்கிய முதல் ஆள் அவனாகத்தான் இருப்பான். கொட்டகைக்காரர் அதற்காக வாடகையைக் கொஞ்சம் ஏற்றிச் சொன்னார் என்று கேள்வி.

அவன் செய்த கான்டாக்டைச் சொல்லிவிடுகிறேன், கதை முழுக்க அதைப் பற்றித்தான். பாஸ்பர் பிரான்ஸ் என்கிற வெண்கலத் தகட்டில் வெட்டிய ஒரு சின்னப் பட்டை. ஒரு முனையை அடிக்கட்டையோடு பொருத்திவிடுவான். மறுமுனையில் வெள்ளிப் பொட்டு. மேலிருந்து இறங்குகிற கான்டாக்டிலும் ஒரு பொட்டு; அது நேராகக் குத்தாது, சாய்வாக வந்து தொடும். அப்போது பட்டை ஸ்பிரிங்காக வளைந்து கொடுக்கும். வளைகிறபோது பொட்டும் பொட்டும் ஒரு மயிரிழை தூரம் உரசி நகரும். அந்த உரசலில் களிம்பு துடைபட்டுப் போகும். விளக்குப் போடுகிற ஒவ்வொரு தடவையும் சுவிட்ச் தன் முகத்தைத் தானே துடைத்துக்கொள்ளும். கேட்கச் சின்ன விஷயம். தகடு கனமானால் வெள்ளி தேய்ந்தது. மெலிந்தால் களிம்பு அசையவில்லை. வளைவு கூடினால் பட்டை களைத்துப் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு பட்டையை வெட்டி, வளைத்து, பார்த்து, எறிந்து, மறுபடி வெட்டி, அவன் கன்னம் ஒட்டிப்போனதுதான் மிச்சம்.

கொட்டகையின் வெளிச்சுவரில், உப்பளத்தைப் பார்க்க, ஊரில் விற்கிற எல்லாச் சுவிட்சையும் வரிசையாக மாட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு பல்பு தொங்கவிட்டான். நடுவில் தன்னுடையது. உப்பளத்துப் பெண்கள் போகிறபோது, "என்ன சார், உப்புக்குக் கார்த்திகை வெளக்கா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். மழைக்காலம் போய்க் கோடை வந்தபோது மற்ற பல்புகள் கண் சிமிட்ட ஆரம்பித்திருந்தன. இவனுடையது நின்று எரிந்தது.

"எனக்கு லாபம்லாம் அப்புறம்வே," என்றான் எஸ்றா என்னிடம். "இந்தக் கான்டாக்ட் சனங்க வீட்டுக்குள்ள போகணும். அவ்வளவுதான்."

லாபம் அப்புறம் என்று ஒருவன் சொன்னால் எங்கள் வீட்டில் கதவைச் சாத்திவிட்டு யோசிப்பார்கள். நான் யோசிக்காமல் தரகுக்கு ஒத்துக்கொண்டேன். நல்ல சரக்கு விற்றுப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் ஒரு ஆசை இருந்தது. அவன் மனைவி இன்பமணி நாசரேத்தில் டீச்சர். சனிக்கிழமை தோறும் பஸ்ஸில் வந்து, கொட்டகையைக் கூட்டி, சட்டையைத் துவைத்துவிட்டுப் போவாள். அவள் கணக்கு வேறு.

"மெட்ராஸ்ல கிறிஸ்மஸ் வரைக்கும் இவுக இடத்த விட்டு வச்சிருக்காங்க," என்றாள் என்னிடம். "திரும்பிப் போனா இந்தக் கான்டாக்டும் அந்த பீரோவுக்குள்ள போயிரும். அதை இவுக தாங்க மாட்டாக. அண்ணாச்சி, அதுக்குள்ள எப்பிடியாவது நாலு கடையில ஏத்தி விட்டுருங்க."

முதலில் ஆறுமுகநயினார் கடைக்குப் போனோம். மொத்த வியாபாரி. அவர் எடுத்தால் எல்லாக் கடையும் எடுக்கும். அவர் சுவிட்சை வாங்கி ஒரு தட்டுத் தட்டினார். காதுப்பக்கம் கொண்டுபோய் மறுபடி தட்டினார். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அந்தக் குறையையும் சுவிட்சின் பற்றுக் கணக்கிலேயே எழுதிவிட்டார்.

"என்னவே பாண்டி, இது போட்டிருக்கா, அணைச்சிருக்கா?"

"போட்டிருக்கு அண்ணாச்சி."

"நீரு சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா? வாங்குதவன் வீட்டுலல்லாம் நீரு போயி நின்னு சொல்லுவேரா?"

எஸ்றா முன்னே வந்தான். "அண்ணாச்சி, சத்தம் வாரது பழைய டி.சி. காலத்துப் பழக்கம். அந்தக் கரண்டை வெடுக்குன்னு பிரிக்கணும், இல்லைன்னா தீ இழுத்துக்கிட்டே வரும். அதுக்குத்தான் உள்ள பெரிய ஸ்பிரிங் வச்சு அடிச்சாங்க. இப்பம் வாரது ஏ.சி. ஒரு செகண்டுக்குள்ள நூறு தடவை தானாவே சைபர் ஆகும். மெதுவாப் பிரிச்சாலே பொறி செத்துரும்."

"நூறு தடவை செத்துப் பொழைக்குதா?"

"ஆமா அண்ணாச்சி."

"அப்பம் போர்டுக்காரன் எனக்கு எதுக்கு முழு பில்லு அனுப்புதான்?"

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எஸ்றாவும் சிரிக்கப் பார்த்தான். பிறகு பதில் சொல்ல ஆரம்பித்தான். அந்தக் கேள்விக்கு உண்மையிலேயே பதில் இருந்ததுதான் அவன் கஷ்டம். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

ஆறுமுகநயினார் சுவிட்சைத் திருப்பித் தந்தார். "சரக்கு நல்லாத்தான் இருக்கும். உம்ம மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, ஏமாத்தத் தெரியாத மூஞ்சி. ஆனா வாய் பேசாத பொண்ணுக்கு நான் எங்கன போயி மாப்பிள்ளை தேட?"

மற்றக் கடைகளிலும் இதேதான், இவ்வளவு நயமில்லாமல். ஒருத்தர் மூடியைக் கழற்றச் சொல்லிப் பார்த்துவிட்டு, உள்ளே ஸ்பிரிங்கே இல்லையே என்று ஏலம் போட்டார். பட்டைதான் ஸ்பிரிங் என்று சொன்னதற்கு, "பட்டை போட்டவன்லாம் சாமியாராவே?" என்று பக்கத்துக் கடைக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"கடைக்காரன் உப்புக்காத்துல குடியிருக்கல," என்றான் எஸ்றா. "குடியிருக்கவங்ககிட்டயே போவோம்."

ஆலந்தலைக்குப் போனோம். கடற்கரையை ஒட்டின வீடுகளில் இலவசமாகவே மாட்டிக் கொடுத்தோம். செபாஸ்டின் என்கிற மீன்பிடிக்காரர் வீட்டுச் சுவிட்ச் பாதி கருகிக் கிடந்தது. அதைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை எஸ்றா கையாலேயே மாட்டினான். செபாஸ்டின் மனைவி சலேத்தம்மா எங்களுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். வருகிற வழியெல்லாம் எஸ்றா பேசிக்கொண்டே வந்தான். இந்த வீடுகளைப் பார்த்து மற்றவர்கள் கேட்பார்களாம், கேட்டால் கடைக்காரன் வைத்தே ஆக வேண்டுமாம்.

மறுபடி போனபோது சுவரில் பழைய கருகின சுவிட்சே இருந்தது. எங்களுடையது சலேத்தம்மா வீட்டு மாடத்தில், மாதா படத்துக்குக் கீழே, ஒரு சிரட்டைக்குள் இருந்தது.

"கெட்டுப்போச்சா அம்மா?" என்றான் எஸ்றா.

"கெட்டிருந்தா தூரப் போட்டிருப்பேம்லா. பத்திரமா வச்சிருக்கேன் ஐயா, எடுத்துட்டுப் போங்க."

"பின்ன எதுக்குக் கழத்துனீங்க?"

அவள் மூலையில் கிடந்த விளக்குமாற்றை எடுத்து, அதன் கட்டையால் சுவரில் இருந்த பழைய சுவிட்சை ஒரு தட்டுத் தட்டினாள். 'டக்'. பொறி ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

"நாங்க இப்பிடித்தான் தட்டுவோம். கைய வைக்க மாட்டோம். அவுக அண்ணனுக்கு ஒரு தடவ அடிச்சுக் கையே வெட்டி வெட்டி இழுத்திட்டு. இருட்டுல அவுக கடலுக்குப் போக எந்திரிக்காவ. தட்டுவாவ. கரண்டு இருக்கோ இல்லையோ, டக்குன்னு கேட்டா சுவிச்சு விழுந்துட்டுன்னு தெரிஞ்சிரும். உங்க சுவிச்ச எத்தன தட்டுனாலும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கே. விழுந்துச்சா விழலையான்னு தடவியா பாக்க?"

"தடவிப் பாக்கலாம் அம்மா. இது அடிக்காது."

"அடிக்கதுக்கு முந்தி எது ஐயா சொல்லிட்டு அடிச்சிருக்கு?"

எஸ்றா சிரட்டையோடு சுவிட்சை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். பஸ் திருச்செந்தூரைத் தாண்டியது. பிறகு, "அந்த அம்மா சொன்னது சரிதான்வே," என்றான். "கான்டாக்டை யோசிச்சேன். கட்டையால தட்டுத கையை நான் யோசிக்கல."

அப்படி வந்ததுதான் நாக்கு. கரண்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. குமிழைத் தட்டும்போது ஒரு மெல்லிய ஸ்டீல் பட்டை இழுபட்டு, விடுபட்டு, மூடியின் உட்பக்கத்தில் அறையும். விளக்குமாற்றுக் கட்டைக்காரர்களுக்காகச் செய்தது. முதல் நாக்கை மாட்டித் தட்டிக் காட்டியபோது இன்பமணி தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன இது, பல்லி மாதிரி?"

"சத்தம் போதாதா?"

"எங்க கிளாஸ்ல ரெண்டாவது பெஞ்சுக்கே கேக்காது."

அவன் ஸ்டீலைக் காய்ச்சிப் பதம் மாற்றினான். நாக்கைக் கான்டாக்டோடு சேர்த்து வைத்துப் பார்த்தான், தனியாக ஒரு ஸ்க்ரூவில் வைத்துப் பார்த்தான். தனியாக வைத்ததும் 'டடக்' என்று கொட்டகைத் தகரமே அதிர்ந்தது. இன்பமணி துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, "இப்பம் ஹெட்மாஸ்டர் ரூமுக்கே கேக்கும்," என்றாள். அன்றைக்கு அவள் மெட்ராஸ் பேச்சை எடுக்கவில்லை.

ஆறுமுகநயினார் ஒரே ஒரு தட்டுத் தட்டினார். முகம் மலர்ந்துவிட்டது. "ஏலே, எல்லாரும் இங்கன வாங்கலே! கேளுங்க. இது சுவிச்சு! பொண்ணு வாயத் தொறந்துட்டால்ல!"

உடனே தோள்துண்டை எடுத்துக் கைமேல் விரித்தார். முத்துக் காலத்துப் பழக்கம், எங்கள் அப்பாவிடம் பேசின கை. நான் துண்டுக்குள் கையை விட்டேன். அவர் என் விரலைப் பிடித்தார், நான் உதட்டைப் பிதுக்கினேன். இன்னொன்றின் நுனியை அழுத்தினார், நான் ஆகாயத்தைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் படிந்திருக்கும். எஸ்றா, ஜெபக்கூட்டத்தில் யாரோ சீட்டு விளையாடுவதைப் பார்த்த மாதிரி நின்றான். பிறகு சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.

"எதுக்கு அண்ணாச்சி மறைவா? நான் பிரிச்சே காட்டுதேன். எதுக்கு என்ன செலவுன்னு நீங்களே பாத்து விலை சொல்லுங்க."

நான் அவன் காலை மிதித்தேன். "சாரி" என்று காலை நகர்த்திக்கொண்டு அவன் மூடியைக் கழற்றினான். பாஸ்பர் பிரான்ஸ் எங்கிருந்து வருகிறது, வெள்ளி ஏன் வேண்டும், பட்டையை எப்படி வளைக்கிறான், ஒவ்வொன்றாக விளக்கினான். எங்கள் குடும்பத்தில் கட்டின பெண்டாட்டியிடம்கூட அடக்கவிலையைச் சொல்லமாட்டார்கள். வியாபாரியின் மேசையில் வைத்து, வெளிச்சத்தில் சொல்கிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சத்தம் எதுலருந்து வருது?" என்றார் ஆறுமுகநயினார்.

"இந்த நாக்குலருந்து."

"இது எம்புட்டு ஆகும்?"

"இதுவா? இதுக்கு ஒரு செலவும் கெடையாது அண்ணாச்சி. செலவெல்லாம் கான்டாக்டுலதான்."

துண்டுக்குள் என் விரலைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. எஸ்றா கேட்ட விலையை அவர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். எஸ்றாவுக்குச் சந்தோஷம். எனக்கு இல்லை. பேரம் பேசாமல் விலை கொடுக்கிற வியாபாரி வேறு எங்கேயோ கணக்கை முடித்துவிட்டான் என்று அர்த்தம்.

ஆனாலும் சில மாதம் நன்றாகத்தான் போனது. 'பேசுத சுவிச்சு' என்று கடைத்தெருவே பெயர் வைத்தது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு 'டடக், டடக்' என்று கேட்கும். எஸ்றா வழியில் நின்றுவிடுவான். "நம்மதுவே. கான்டாக்ட் உள்ள போயிட்டு," என்பான். யாரோ ஒருத்தர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு சிரிக்கிற ஆளை நான்தான் பிடித்து இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. கிறிஸ்மஸ் வந்தது. அவன் மெட்ராஸுக்குப் போகவில்லை. அங்கே அவன் நாற்காலியில் மானேஜரின் மச்சினன் உட்கார்ந்துவிட்டதாகத் தகவல் வந்தபோது, "நல்லா இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் பட்டை வெட்டப் போனான்.

பொங்கல் கழிந்ததும் ஆறுமுகநயினார் கடையில் வேறு ஒரு சுவிட்ச் தொங்கியது. அவருடைய மச்சினன் வெள்ளத்துரை செய்தது. மூடி அதே மாதிரி, குமிழ் அதே மாதிரி, சத்தம் எங்களுடையதைவிட ஒரு பங்கு கூடுதல். விலை பாதி. வாங்க வருகிறவன் இரண்டையும் தட்டிப் பார்ப்பான். எங்களுடையது 'டடக்'. அது 'டட்டடக்'. எதை எடுப்பான்?

நான் ஒன்றை வாங்கிக் கொண்டுபோய் எஸ்றாவிடம் கொடுத்தேன். பிரித்தான். நாக்கு இருந்தது. அதற்குக் கீழே பட்டையும் இல்லை, வெள்ளியும் இல்லை, உரசலும் இல்லை. மடக்கின பித்தளைத் துண்டு, மெட்ராஸ் கம்பெனி போடுவதைவிட மட்டமானது. அவன் வெகுநேரம் அதைப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"கேஸ் போடலாமாவே?" என்றேன்.

"எதுக்குப் போட? கான்டாக்டை அவன் எடுக்கவே இல்லையே. எடுத்திருந்தா சந்தோஷம்னு விட்டிருப்பேன்."

கடைக்காரர்கள் எங்கள் சரக்கை ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினார்கள். நான் மணப்பாடு வரைக்கும் தொண்டை வற்றப் பேசினேன். உள்ளே நல்ல கான்டாக்ட் இருக்கிறது என்று சொன்னால், "அதுலயும் இருக்குன்னுதான் வெள்ளத்துரை சொல்லுதான்," என்றார்கள். சாயங்கால நடையில் இப்போதும் வீட்டுக்கு வீடு சத்தம் கேட்டது. முன்னைவிட அதிகமாகவே கேட்டது. எஸ்றா நின்று காதைக் கொடுப்பான்.

"நம்மதா?" என்பேன்.

"தெரியலவே," என்பான். பிறகு அந்தப் பக்கம் நடக்கவே வரமாட்டேன் என்றுவிட்டான்.

கோடையில் ஒருநாள் சலேத்தம்மா கொட்டகைக்கு வந்தாள். வலது கையில் துணி சுற்றியிருந்தது. இடது கையில் ஒரு சுவிட்ச், மூடி உருகிக் கோணலாக.

"கடையில தட்டிப் பாத்து, சத்தம் கேட்டு, துட்டுக் குடுத்துத்தான் ஐயா வாங்குனேன். பேசுத சுவிச்சு, நம்ம ஐயா செஞ்சதுன்னு சொன்னாவ. நல்லாத்தான பேசுதுன்னு கட்டைய விட்டுட்டுக் கைய வச்சேன். அடிச்சிட்டு."

எஸ்றா அதை வாங்கிப் பார்த்தான். வெள்ளத்துரையின் சரக்கு. "இது நான் செஞ்சது இல்லம்மா," என்றான்.

"அப்பிடியா?" என்றாள் அவள். நம்பவில்லை, நம்பாமலும் இல்லை. அவளுக்கு அது முக்கியமாகவும் படவில்லை.

அவன் தன்னுடையது ஒன்றை எடுத்து, பிரித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினான். வெள்ளிப் பொட்டைத் தொட்டுக் காட்டினான். அவள் குனிந்து மரியாதையாகப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு ஐயா," என்றாள். கொடுத்த சுவிட்சை வாங்கிக்கொள்ளவில்லை. "சத்தம் போடாததும் வேண்டாம், போடுததும் வேண்டாம். வீட்டுல சிம்னி வெளக்கு இருக்கு," என்று சொல்லிவிட்டு, வெயிலில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

எஸ்றா அன்று முழுக்கப் பட்டை வெட்டுகிற பிரஸ்ஸைத் தொடவில்லை. ஆனால் அதோடு முடித்துக்கொள்ளவும் இல்லை. கெட்டுப்போன வெள்ளத்துரை சுவிட்சுகளை ஆட்கள் இவனுடையது என்று கொண்டுவந்து திட்டுவார்கள். திட்டி முடிக்கிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டு, உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கி எறிந்து, தன் கான்டாக்டையும் தன் நாக்கையும் தனித்தனியாக வைத்துக் கொடுத்து அனுப்புவான். காசு வாங்க மாட்டான். "எப்பிடியோ ஒண்ணு வீட்டுக்குள்ள போகுதுல்ல," என்பான். பிரான்ஸ் தகடு தீர்ந்துகொண்டே வந்தது. வெள்ளிக்கு இன்பமணியின் கொலுசு போயிற்று.

ஒரு சனிக்கிழமை வெள்ளத்துரையே வந்தான். நல்ல வெள்ளைச் சட்டை, நல்ல பேச்சு. கொட்டகைக்குள் நுழையும்போதே செருப்பைக் கழற்றிவிட்டான். இன்பமணி இருந்தாள், நானும் இருந்தேன்.

"சார், மறைச்சுப் பேச எனக்குத் தெரியாது," என்று ஆரம்பித்தான். மறைக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள். ஆனால் அவன் அன்று உண்மையிலேயே மறைக்கவில்லை. "எங்க நாக்கு ஒடிஞ்சு ஒடிஞ்சு விழுது. உங்க நாக்கு ஒடிய மாட்டேங்கு. என்ன பதம் வைக்கியளோ தெரியல. மதுரைக்கு, நாகர்கோவிலுக்குலாம் ஆர்டர் வந்திருக்கு. நாக்கை நீங்க அடிச்சுத் தாங்க. எம்புட்டு அடிச்சாலும் எடுத்துக்கிடுதோம். ரொக்கம்."

எஸ்றா இன்பமணியைப் பார்த்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

"நாக்கு தாரேன்," என்றான் எஸ்றா. "கூடவே கான்டாக்டும் தாரேன். நாக்குக்கு மட்டும் துட்டுக் குடுங்க. கான்டாக்ட் சும்மா."

தரகன் காதில் விழக்கூடாத வார்த்தை அது. நான் வாயைத் திறந்தேன். இன்பமணி வேண்டாம் என்று தலையை அசைத்தாள். நாக்கில் வருகிற லாபத்தில் பிரான்ஸ் தகடு வாங்கி, அதை ஊர் ஊராக இனாமாக அனுப்ப அவன் அந்த நிமிஷத்திலேயே கணக்குப் போட்டிருந்தான். மதுரை வரைக்கும், நாகர்கோவில் வரைக்கும் அவன் கான்டாக்ட் போகும். பெயர் யாருடையதாக இருந்தால் என்ன?

"சும்மாவா? எதுக்கு சார்?" வெள்ளத்துரைக்குச் சந்தேகம்.

"உள்ள இருக்கட்டும்னுதான்."

இனாமை வேண்டாம் என்று சொல்லி வெள்ளத்துரைக்குப் பழக்கமில்லை. பையிலிருந்து தன் சுவிட்ச் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். எஸ்றா பித்தளையை எடுத்துவிட்டுத் தன் கான்டாக்டை உள்ளே பொருத்தினான். மூடியைப் போட்டு நீட்டினான். வெள்ளத்துரை தட்டினான்.

'பொத்'.

மறுபடி தட்டினான். தலையணையில் குத்துகிற மாதிரிதான் கேட்டது.

எஸ்றாவுக்கு உடனே புரிந்துவிட்டது. முகத்தைப் பார்த்தே தெரிந்தது. ஒரு ஸ்க்ரூ மிச்சம் பிடிப்பதற்காக வெள்ளத்துரை நாக்கைக் கான்டாக்டின் மேலேயே பொருத்தியிருந்தான். கெட்டியான பித்தளை, அடியைத் திருப்பி அடிக்கும், சத்தம் எழும்பும். எஸ்றாவின் பட்டைக்கு வளைந்து கொடுப்பதுதான் வேலை. நாக்கின் அடியையும் அது வளைந்து வாங்கிக்கொண்டது.

"நாக்கைத் தனியா ஒரு ஸ்க்ரூவுல மாட்டிட்டா சரியாயிரும்," என்றான் எஸ்றா அவசரமாக. "ஒரே ஒரு ஸ்க்ரூதான்."

"ஒரு ஸ்க்ரூன்னா ஒரு ஓட்டை போடணும். ஓட்டைக்கு ஒரு ஆளு, திருகுததுக்கு ஒரு ஆளு." வெள்ளத்துரை பட்டையைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மேசைமேல் பதனமாக வைத்தான். அந்த மட்டுக்கு மரியாதை தெரிந்தவன். "கோவிச்சுக்கிடாதிய சார். சும்மாவே குடுத்தாலும் இது நமக்குக் கட்டாது. சத்தத்தைத் திங்குது. நாக்கு மட்டும் போதும்."

காற்று உப்பைக் கொண்டுவந்து தகரத்தில் தேய்த்துக்கொண்டிருந்தது.

"மெட்ராஸ்ல இடம் இல்ல," என்றாள் இன்பமணி மெதுவாக. அவனை வற்புறுத்தவில்லை. நிலைமையைச் சொன்னாள், அவ்வளவுதான்.

எஸ்றா எழுந்து பிரஸ்ஸுக்குப் போனான். பட்டை வெட்டுகிற இரும்பு அச்சின், அந்த டையின், ஸ்க்ரூவைத் தளர்த்தினான். "பாண்டி, கொஞ்சம் பிடிவே," என்றான். நான் பிடித்தேன். கனமாக இருந்தது. அதை எண்ணெய்த் துணியில் சுற்றி, பெஞ்சுக்கு அடியில் கடைசிவரைக்கும் தள்ளிவிட்டான். நாக்கு டையை ஏற்றி, ஸ்டீல் தகட்டைச் செருகி, கைப்பிடியை இழுத்தான். ஒரு நாக்கு விழுந்தது. அடுப்பில் காய்ச்சி, எண்ணெயில் முக்கி, ஆறவிட்டு வெள்ளத்துரையிடம் கொடுத்தான்.

வெள்ளத்துரை தன் சுவிட்சிலேயே அதை மாட்டினான். பழைய பித்தளைமேல். தட்டினான். கொட்டகை முழுக்க அறைந்தது.

"அருமை சார்," என்றான். பிறகு கொஞ்சம் தலையைச் சாய்த்து, "சத்தம் இன்னும் ஒரு பொட்டுக் கூட வருமா? நாகர்கோவில்காரன் கேப்பான்."

எஸ்றா நாக்கைத் திரும்ப வாங்கினான். வளைவை விரலால் தடவிப் பார்த்தான்.

"வரும்," என்றான்.